தியானம் செய்த குரங்கு

என் அத்தைக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல். கோயில் கோபுரம் தெரிந்தாலும் சரி, புத்தர் பகோடா தெரிந்தாலும் சரி, ஓடுகிற பஸ்ஸுக்குள் நின்றபடியே ஒரு கும்பிடு போட்டுவிடுவாள். ஆனாலும் ஒரு குரங்கின் முன்னால் செருப்பைக் கழற்றுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளைப் பெண் பார்க்கப் பெகு ஊரிலிருந்து வருவதாக இருந்தார்கள். கல்யாணம் ஆனால் பாலர் பள்ளி டீச்சர் வேலையை விட வேண்டும், ரங்கூனையும் விட வேண்டும். அப்பாவுக்குத் தன் தங்கைக்கு நல்ல இடம் கிடைத்த சந்தோஷம். அத்தையை யாரும் கேட்கவில்லை; அவளும் வாய் திறக்கவில்லை. காலையில் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு மிருகக்காட்சிசாலைக்குப் புறப்பட்டாள். எனக்கு எட்டு வயது. கரும்புச்சாறு வாங்கித் தந்தால் எங்கே வேண்டுமானாலும் போவேன்.

கூண்டுக்குள் பூனையை விடச் சற்றுப் பெரிய குரங்கு ஒன்று இருந்தது. நெற்றியில் செந்தூரம் தீட்டியதுபோல ஒரு பட்டை, வெள்ளைத் தாடி. கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"அனுமாருடி! தியானத்துல இருக்காரு" என்றாள் அத்தை. செருப்பைக் கழற்றிவிட்டு, வாழைப்பழத்தைக் கம்பிக்குள் வைத்து, "இந்தச் சம்பந்தம் எனக்கு வேணாம் சாமி, எப்படியாவது தட்டிப்போகச் செஞ்சிரு" என்று முணுமுணுத்தாள். பின்னால் நின்ற பர்மாக்காரப் பெண்கள் இரண்டு பேர், எதற்கும் இருக்கட்டும் என்று தாங்களும் செருப்பைக் கழற்றினார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. சாமி மட்டும் அசையவே இல்லை.

கூண்டு கழுவ வந்த ஊழியர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தியானமாவது ஒண்ணாவது! இது ஆப்பிரிக்கக் காட்டுக் குரங்கு, மகளே. பயந்துட்டா கத்தாது, ஓடாது, இப்படியே உட்கார்ந்துடும். எல்லாரும் தள்ளிப் போங்க" என்று பர்மிய மொழியில் சொன்னார்.

மரத்தடிக்குப் போய் நின்றோம். வெகுநேரம் கழித்துக் குரங்கு நைசாக இறங்கி வந்து பழத்தை வாயில் திணித்துக்கொண்டது. கன்னம் புடைத்தது. ஆனால் மெல்லவில்லை. பயம் தெளியும்வரை கன்னத்துப் பையிலேயே வைத்திருக்குமாம். அதையும் அவர்தான் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"பாவம்டி அது" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமி இல்லை என்று தெரிந்த ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பெகுக்காரர்கள் வந்தார்கள். அத்தை கைகளைச் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "அடேயப்பா, என்ன அடக்கம்! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று பூரித்துப்போன மாப்பிள்ளையின் அம்மா, ஒரு லட்டை எடுத்து அவள் வாயில் ஊட்டினார்.

அத்தையின் கன்னம் புடைத்தது. அவள் மெல்லவில்லை.

"ஐயே, அத்தையும் அந்தக் குரங்கு மாதிரியே வச்சிருக்கு!" என்று கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தை மட்டும் தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தாள். அந்த ஊழியர் சொன்ன மீதியையும் நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருப்பவளைப்போல இருந்தது அந்தப் பார்வை. அந்த வீட்டில் அது தெரிந்த இன்னொரு ஆள் நான்தான்.

நான் தட்டிலிருந்த அடுத்த லட்டுக்குக் கை நீட்டினேன்.