அக்கா தைக்காத நாலாவது பக்கம்

மாலை நாலரை மணிக்குப் போன் வந்தபோது அக்காவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாதி தைத்து விட்டுப்போன நாற்காலி உறையின் குண்டூசி ஒன்று தொடையில் ஏறியிருந்தது. பேசியவர் அவள் வேலை பார்த்த பஸ் பணிமனையின் ஃபோர்மன்.

"உங்க அக்கா மெஷின் மேலயே சாஞ்சுட்டாங்க சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். உயிர் இல்லன்னுட்டாங்க."

அக்கா பஸ் சீட்டுகளுக்கு ரெக்சின் உறை தைப்பவள். அவளுடைய ஒரே மகள் பதினெட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். அடுத்த மாதமே அக்கா மெஷினில் உட்கார்ந்து, சுருதி சேராமல் சர்ச் ஞானப்பாட்டு பாட ஆரம்பித்துவிட்டாள்.

"மகளைக் குழியில வச்சுட்டு வந்தவ மாதிரியா இருக்கா?" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். நான் அவளிடமே கேட்டேன்.

"ஆண்டவர் குடுத்த சந்தோஷம்டா. போகமாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான். இன்றுவரை அவள் படத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. பெற்றவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது? நடிக்கிறாளா, மறந்தே போய்விட்டாளா? எத்தனை முறை கேட்டாலும் அதே பதில், அதே சிரிப்பு.

போன மாதம் என் பழைய நாற்காலிக்கு உறை தைக்க வந்தவள், மூன்று பக்கம் முடித்ததும் நாலாவதில் குண்டூசிகளைக் குத்திவிட்டு எழுந்துவிட்டாள்.

"மிச்சத்த யாரு தைப்பா?"

"ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வந்து என் பக்கத்துல உக்காரு. அன்னைக்கே தைச்சுத் தரேன்."

"லஞ்சமா?"

"ஆமா. உனக்கெல்லாம் பைபிள் வசனம் சொன்னா ஏறாது. ஊசிதான் ஏறும்."

"நீ பாடறதப் பக்கத்துல உக்காந்து கேக்கறதுக்கு ஊசியே மேல்."

அடக்கம் முடிந்த அன்று, சர்ச்சில் கூட்டிப் பெருக்கும் அம்மா என்னிடம் வந்தார்.

"உங்கக்கா இல்லாம இனி சர்ச்சே அமைதியாயிடும் தம்பி."

"பாட்டு அப்படி."

"பாட்டு கெடக்கு. சண்டையைச் சொல்றேன். புதன்கிழமை சாயந்தரம் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்கும். 'எம்புள்ளய ஏன் எடுத்தீர்'னு ஆண்டவரப் புடிச்சு உலுக்கும். 'மெதுவாக் கேளுங்கம்மா, அவருக்குக் காது கேக்கும்'னு பாஸ்டரே ஒருதரம் சொன்னாரு. அழுது முடிச்சு, மூக்கச் சிந்திட்டு, அப்புறம்தான் பாடும்."

அவள் மறக்கவும் இல்லை, நடிக்கவும் இல்லை. அத்தனை அழுகைக்குப் பிறகும் தீராமல் இருந்த சந்தோஷத்தைத்தான் பணிமனைக்கும் என் வீட்டுக்கும் எடுத்து வந்திருக்கிறாள். கேட்டதும் ஆறுதல் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எனக்கு ஏன் பாட்டை மட்டும் காட்டினாள்? அந்தச் சண்டையைக் காட்டியிருந்தால், கூப்பிடாமலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே.

இன்று காலை ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் பாடினார்கள், எனக்கு வாய் வரவில்லை. இவளையும் ஏன் எடுத்தீர் என்று கேட்க மட்டும் வந்தது. கேட்டேன். மனம் லேசாகிவிடவில்லை. ஆனால் பாதியில் எழுந்து போகவும் தோன்றவில்லை.

நாற்காலி உறையின் நாலாவது பக்கம் தைக்கப்படவில்லை. குண்டூசிகள் அவள் குத்திய இடத்திலேயே இருக்கின்றன.