ஊன்றிய கால்

கால்பந்தை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லிவிடுவேன். “அதானே” என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. உண்மையில் கல்யாணத்துக்குப் பல வருஷம் முன்பே, பிளஸ் ஒன் படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் என் ஆட்டம் முடிந்துவிட்டது. அதற்குக் காரணம் நான் பிறந்த விதம்.

தலை வருவதற்குப் பதிலாக எனக்குக் கால் முதலில் வந்ததாம். அம்மா பிழைத்ததே பெரிது. ஆனால் உத்திரமேரூர்ப் பக்கம் காலால் பிறந்த பிள்ளைக்குத் தனி மதிப்பு உண்டு. இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் குப்புறப் படுத்துக்கொள்ள, அந்தப் பிள்ளை வலது காலால் மூன்று முறை எத்தினால் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதே வேலை. நடவு நேரத்தில், நான் பல் விளக்குவதற்கு முன்பே யாராவது வாசலில் முனகிக்கொண்டு நிற்பார்கள். அம்மா கூலிக்கு நாற்று நடுகிறவள். ஊரில் அவளுக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் என் காலால் கிடைத்தது. அதை லேசில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

எனக்கு எரிச்சல்தான். ஊரார் முதுகை உதைப்பதற்குப் பந்தை உதைக்கலாமே என்று, பள்ளியில் பெண்கள் அணி தொடங்கிய அன்றே போய் நின்றேன். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் பி.டி. மிஸ் அதிகம் பேசமாட்டார். “எல்லாரும் உதைக்கிற காலைத்தான் பாப்பாங்க. நீ ஊன்ற காலைக் கவனி” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார். வலது காலால் உதைப்பவளுக்கு இடது கால்தான் உயிர் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்த பிறகு நான் அடித்த பந்தை மாவட்டத்தில் தடுக்க ஆளில்லை. இது பெருமைக்காகச் சொல்வதில்லை என்று எழுதினால் பொய். பெருமைதான்.

மாநில ஜூனியர் அணிக்கான தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் என்று வந்தது. தேர்வானால் சென்னையில் விளையாட்டு விடுதி, சாப்பாடு, படிப்பு, அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ். எங்கள் தெருவில் சேற்றில் இறங்காத முதல் பெண் நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

தேர்வுக்கு முந்தின திங்கட்கிழமை பயிற்சியில், இடது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினேன். பக்கத்தில் யாருமே இல்லை. முட்டிக்குள் காய்ந்த சுள்ளியை ஒடித்தது போல ஒரு சத்தம். விழுந்தேன். ஓடிவந்த மிஸ், வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

“சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுது மிஸ்.”

முட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அவர் வேறெங்கோ பார்த்தார். எனக்கு வலியைவிட அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது.

“இந்தக் காலை ஊனவே ஊனாதே. வெள்ளிக்கிழமைக்குள்ள வீக்கம் வத்துனா பாக்கலாம். இன்னொரு தடவை முட்டி புரண்டுச்சுன்னா, அப்புறம் ஃபுட்பாலே கிடையாது. புரியுதா?”

அம்மாவிடம் சொன்னால் சிரித்தாள். “உன் காலுக்கு சுளுக்கா? ஊருக்கே சுளுக்கு எடுக்கிற காலுடி அது.”

“எடுக்கிறது வலது காலும்மா. இது எடது.”

“ரெண்டும் ஒரே வயித்துலேர்ந்து வந்த காலுதான். ஒண்ணும் ஆவாது.”

சொன்னாளே தவிர, அந்த வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை அவளே திருப்பி அனுப்பினாள். விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவினாள். வெள்ளிக்கிழமை வீக்கம் வற்றியிருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் பின்வாசல் படி இறங்கும்போது, முட்டி தானாகப் பக்கவாட்டில் நழுவித் தானாகவே திரும்பி வந்தது. வலி இல்லை. வலித்திருந்தால் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். போனில் மிஸ், நாளை முழுக்கப் படுத்தே கிட என்றார்.

மறுநாள் காலை பாயில் படுத்துக் கிடந்தேன். தெருமுனையில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது. முனை வரைக்கும் வருவதே எலக்‌ஷன் நேரத்தில்தான். அம்மா எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

யாருடைய கழனியில் அவள் வருஷம் முழுக்க நட்டாளோ, அவர் வந்துகொண்டிருந்தார். பாதியாக வளைந்து, இரண்டு ஆட்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள. அவர் வீட்டுப் பின்வாசலில் நின்று கூலி வாங்குகிறவள் அம்மா. அவர் வீட்டுக்காரர்கள் எங்கள் தெருவில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. இடுப்புப் பிடிப்பு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் கேட்கவில்லையாம்.

“ஐயா நம்ம வூட்டுக்கு வந்துக்கீறாருடி” என்றாள் அம்மா. குரலில் இருந்தது பயமா பெருமையா, எனக்குத் தெரியவில்லை.

“மிஸ் இன்னா சொன்னாங்கம்மா?”

“மூணு தபா தொட்டா போதும் கண்ணு. செவுத்தப் புடிச்சுக்கினு நில்லு.” பிறகு என் காதருகே குனிந்தாள். “நீ மெட்ராஸ் பூடுவே. நான் அவரு கழனியிலதான நிக்கணும்?”

எழுந்தேன்.

நான் படுத்திருந்த பாயிலேயே அவர் குப்புறப் படுத்தார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. “சீக்கிரம் பண்ணும்மா” என்றார். சுவரைப் பிடித்தேன். எல்லோரும் என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தூக்க வேண்டுமானால் நான் இடது காலில்தான் நின்றாக வேண்டும்.

முதல் முறை எத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது முறை முட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. நிறுத்திவிடலாம் என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை காலைத் தூக்கியபோது பாதம் தரையில் இருக்க, முட்டி மட்டும் வேறு பக்கம் திரும்பியது. இந்தத் தடவை சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழுந்தேன். என் எடை முழுவதும் வலது குதிகால் வழியாக அவர் இடுப்பில் இறங்கியது. அவர் அலறினார். நானும் அலறினேன்.

முதலில் நிறுத்தியது அவர்தான். கையை ஊன்றினார். உட்கார்ந்தார். சுவரைப் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றார்.

“வுட்டுச்சும்மா” என்றார். நம்ப முடியாமல் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அம்மா அழுதாள். “பாத்தீங்களா ஐயா, நான் சொல்லல?” என்றாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். இரண்டு கையாலும் முட்டியை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். “எழுந்திரு கண்ணு, நாளைக்குக் காஞ்சிபுரம் போவணும்ல” என்றாள். மெதுவாகச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தூக்க வந்த ஆட்களை அவர் விலக்கினார். தானே குனிந்து, என்னை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்தார்கள். என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா பின்னால் ஓடிவந்தாள். இனி ஆட முடியாது, இனி ஆடவே முடியாது என்று அவர் வெள்ளைச் சட்டையில் முகத்தை வைத்து அழுதேன். காரை நிறுத்தியிருந்த தெருமுனை வரைக்கும், எங்கும் நிற்காமல், யாரிடமும் மாற்றிக் கொடுக்காமல் நடந்தார். அவருக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை.