ஒரே ஒரு டச்சப்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்திலிருந்து பார்வையை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து வருகிறாள். துணி உலர்த்தும் கொடியில் தலை இடித்ததும் நிற்கிறாள். அவள் கணக்கில் அதுதான் சரியான தூரம். கொண்டையில் செருகியிருக்கும் மெல்லிய தூரிகையை உருவுகிறாள். "ஒரே ஒரு டச்சப் மாமா, அவ்ளோதான்." நான் ஓடிப்போய்ப் படத்துக்கு முன்னால் நின்றுகொள்கிறேன்.

என் மனைவியின் தங்கை. ஓவியக் கல்லூரியை முடித்த கையோடு எங்கள் வீட்டுப் பின்னறையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் தூங்குகிறவர்களைத்தான் வரைவாள். மடியில் பையை அணைத்தபடி, வாயைப் பிளந்து, பக்கத்து சீட்டுக்காரர் தோளில் உரிமையோடு சாய்ந்து தூங்குகிறவர்கள். ஒருவரையும் கேலி செய்யாத படங்கள். "தூங்கறப்போ யாரும் நடிக்க மாட்டாங்க மாமா" என்பாள். ஒருமுறை அந்தத் தூரிகையாலேயே காப்பியைக் கலக்கிவிட்டு, "கலர் நல்லா வந்திருக்கு" என்று குடித்தும் தீர்த்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு வியாதி. முடிந்த படத்தை விடமாட்டாள். ஒரு படத்தில் குண்டு மனிதர் ஒருவர் அருமையாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் பார்த்தால் விழித்திருந்தார். அதற்கும் மறுநாள் வெறும் சீட்டுதான் இருந்தது.

"ஆள் எங்கேம்மா?"

"இறங்கிட்டாரு மாமா."

கல்லூரி முடித்த புது ஓவியர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை ஒரு வருட உதவித்தொகை தருகிறது. வருட முடிவில் கலைக்கூடத்தில் ஒரு சுவரையும் ஒதுக்கிக் கண்காட்சி வைக்கிறது. அது இவளுக்குக் கிடைத்த அன்று, தெருவில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னேன். ஆனால் நிபந்தனை உண்டு. சுவர் நிறையப் படம் இல்லாவிட்டால், காத்திருக்கும் வேறொருவருக்கு அது போய்விடும். பாதி வருடம் ஓடியும் இவளிடம் ஒரு படம்கூடத் தேறவில்லை.

ஆகவே நாங்கள் திருட ஆரம்பித்தோம்.

நர்ஸாக இருக்கும் என் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது பின்னறைக்குள் எட்டிப் பார்ப்பாள். "இது ஆயிடுச்சுங்க, தூக்கிடுங்க" என்றால் நான் தூக்கிவிடுவேன். மாடிவீட்டு டாக்சிக்காரரின் கட்டிலுக்கடியில் படம் பத்திரமாக இருக்கும். முதல் படம் காணாமல் போன அன்று தங்கைக்காரி வீட்டை இரண்டாக்கினாள்.

"குடுத்துடுங்க மாமா! அது இன்னும் முடியல!"

"முடிஞ்சிருச்சுடி" என்றாள் அக்கா.

தங்கை சில நாள் பரணெல்லாம் ஏறித் தேடினாள். பிறகு வேறு வழியில்லாமல் புது கேன்வாஸை மாட்டினாள். கட்டிலுக்கடியில் படங்கள் சேர்ந்துகொண்டே போயின.

கடைசிப் படத்தை மட்டும் எங்களால் தொட முடியவில்லை. அறைக்கே பூட்டுப் போட்டுவிட்டாள். இரவு டியூட்டி முடிந்து, பஸ் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் நர்ஸ். அவள் அக்காவேதான். "அக்காவை அரைகுறையா விட மாட்டேன்" என்று கண்காட்சிக்கு முந்தின நாள் வரை டச்சப் நடந்தது. என் மனைவி எந்த நேரமும் பஸ்ஸைவிட்டு இறங்கிவிடுவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

இறங்கவில்லை. கலைக்கூடத்துச் சுவர் நிறைய எங்கள் திருட்டுச் சொத்து, நடுவில் என் மனைவி. அந்தப் படத்துக்கு முன்னால் வந்தவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பெருமையில் என் சட்டைப் பொத்தான் தெறிக்காததுதான் பாக்கி. அத்தனை பேரையும் பிடித்து நிறுத்தி, "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பாதிப் பேரிடம் சொல்லியும்விட்டேன்.

என் மனைவி தன்னையே பார்த்தபடி நின்றாள். "நான் இவ்ளோ அழகாவா தூங்கறேன்?"

"தினமும்" என்றாள் தங்கை.

சொல்லிவிட்டு ஒரு கண்ணை மூடினாள். பின்பக்கமாக நடந்தாள். கொடி இல்லாததால், படம் பார்க்க வந்த ஒருவர்மேல் இடித்துக்கொண்டு நின்றாள். கை கொண்டைக்குப் போனது. நான் ஓடிப்போய்ப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

தூரிகையை உருவினாள். கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது. அக்காவின் கைப்பையைத் திறந்து, அதை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.