தங்கைக்கு வேலை கேட்டு சோமனூர் தறிச் சத்தத்துக்குள் போனது

தறிக்கூடம் பார்க்க சோமனூர் போக நினைப்பவர்களுக்காக என் முதல் பயணத்தை எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கம், ஒரு தை மாதம். தங்கை சரசுவுக்கு வேலை கேட்டுத் திருப்பூரிலிருந்து கிளம்பினோம். சிறுவயதுக் காய்ச்சலில் அவளுக்கு முக்கால்வாசி காது போய்விட்டது. அது தெரிந்ததும் இரண்டு பனியன் கம்பெனிகளில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்த முறை அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

காலை ஏழு பத்துக்குப் பஸ், ஆளுக்கு எழுபது காசு, முக்கால் மணி நேரம். இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. வழி கேட்கவே வேண்டாம், பாதி தூரத்திலேயே தறிச் சத்தம் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும்.

கூடத்தை நடத்திய பழனியம்மாள் உள்ளே வைத்தே வேலையை விளக்கினார். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றவேண்டும். பதினாறு தறி ஓடுகிறது. நான் காதை அவர் வாயருகே நீட்டினேன். அவர் என் தோளைத் தட்டித் தன் முகத்தைச் சுட்டிக்காட்டினார். மறுபடியும் காதைத்தான் நீட்டினேன். இரண்டு சொல் விழும், மிச்சத்தை நான் ஊகிப்பதற்குள் அடுத்த நாலு சொல் போய்விடும். அரை மணியில் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறித்தது. புரியாமலே தலையாட்டினேன். சரசுவோ அவர் வாயையே பார்த்து, அதற்குள் மூன்று குச்சி சுற்றிவிட்டாள்.

வெளியே வந்ததும் மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன்.

"உள்ள வந்ததுமே தெரிஞ்சுதுங்க தம்பி" என்றார். "புள்ள எம்பட வாயப் பாத்துதுல்ல? இங்க அல்லாரும் அப்பிடித்தானுங்க. காதக் குடுக்கறவங்கதான் வெளியூரு." பிறகு சரசு பக்கம் முகத்தைத் திருப்பி, "திங்கக்கெழம வந்துரு கண்ணு" என்றார்.

அவரைக் கும்பிட்டேன். வெட்கமாகவும் இருந்தது. வீட்டில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், பக்கவாட்டில் நின்று அவள் காதில் கத்துவோம். பொழுது சாய்ந்தால் தலைவலி என்று அவள் படுத்துவிடுவாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று சொன்னவன் நான்தான். அரை மணி நேரம் என்னால் தாங்க முடியாததை அவள் பன்னிரண்டு வருடமாகத் தாங்கியிருக்கிறாள்.

நீங்கள் போனால் காலையிலேயே போய்விடுங்கள். கூடத்துக்குள் கத்தாதீர்கள். வெளிச்சத்தில் நின்று முகத்தைக் காட்டி, ஒவ்வொருவராகப் பேசுங்கள். புரியாவிட்டால் தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள். வீட்டிலும் இதையே செய்து பாருங்கள். நாங்கள் அன்றே செய்தோம். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் சரசு படுக்கப் போகவில்லை. உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள்.