நைஸா அரைக்கணுமுங்களா?

மாவு மில்லுக்குள் வந்துவிட்டுத் தும்மாமல் திரும்பியவர் உங்களில் யாராவது உண்டா? ஏற்காட்டில் நான் நடத்துகிற மில்லில் தும்மலைவிட அதிகம் காதில் விழுவது 'நைஸ்' என்கிற சொல்தான்.

எவ்வளவு நைஸ்?

புட்டுக்குக் கொரகொரப்பு, இடியாப்பத்துக்கு நைஸ். என் படிப்பு அவ்வளவுதான். பக்கத்துக் கிராமமான கொட்டச்சேட்டிலிருந்து வந்த அக்கா ஒருவர் மாவை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்து, "இன்னும் நைஸா" என்றார். மறுபடி ஓட்டினேன். அப்புறமும் ஒரு தடவை. கடைசியில் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இடியாப்பத்துக்குக் கேட்டா மூஞ்சிக்குப் பூசற பவுடராட்டம் குடுக்கறீங்களே!"

நைஸ் கேர்ள்

"டீச்சர் என்னை நைஸ் கேர்ளுன்னாங்க!" என்று என் மகள் குதித்துக்கொண்டு வந்தாள். மிளகு அரைக்க வந்திருந்த, சேலத்தில் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிற பொண்ணு சிரித்தாள். அந்தச் சொல்லுக்கு ஆதியில் 'ஒண்ணும் தெரியாத அசடு' என்று அர்த்தமாம். அப்புறம் 'நுணுக்கம்' ஆகி, பிறகுதான் 'நல்லது' ஆனதாம். நம்மிடம் வந்து மாவில் ஏறி, சேலையில் ஏறி, 'நைஸா நழுவிட்டான்' வரைக்கும் போய்விட்டது. மகளுக்கோ அசடு மட்டும்தான் காதில் விழுந்தது, உதடு பிதுங்கிவிட்டது. அந்தப் பொண்ணு பதறிப்போய்ச் சொன்னாள்: "அழுவாத கண்ணு, அந்தப் பழைய அர்த்தம் உங்க டீச்சருக்குத் தெரியாது!"

மிளகாய்க்கு முன்னால்

என்னிடம் இருப்பது ஒரே மிஷின். அதனால் மிளகாய் எப்போதும் கடைசி. ஒரு தடவை ஏறிவிட்டால் மிஷினைச் சுத்தம் பண்ண எவ்வளவு தவிடு ஓட்டினாலும் அன்றைக்குக் காரம் போகாது.

நோன்பு மாதத்துச் சாயங்காலம். மளிகைக்கடை பாய் வீட்டு அக்காவின் மிளகாயைக் கொட்டப் போனேன். மத்தியானத்திலிருந்து காத்திருந்தவர், நோன்பு திறக்க வீடு போகிற அவசரம் வேறு. அப்போது செம்மநத்தத்துக்காரர் ஒருவர் ராகிப் பையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். மனைவி சேலத்தில் ஆஸ்பத்திரியில். வீட்டில் இருக்கிற எட்டு மாதக் குழந்தை ராகிக் கஞ்சியைத் தவிர எதையும் விழுங்குவதில்லை, மாவு தீர்ந்துவிட்டது. "நொம்ப நைஸா வேணுமுங்க. ஊருக்குக் கடைசி பஸ் நிக்குதுங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவரோ மிளகாய் மூட்டையைத் தானே இழுத்து ஓரமாக வைத்தார்.

பொறுமையாக இரண்டு தடவை ஓட்டிச் சலித்துக் கொடுத்தேன். ராகிக்காரர் பஸ்ஸுக்கு ஓடவும் பள்ளிவாசலில் பாங்கு சத்தம் கேட்டது. அந்த எம்.ஏ. பொண்ணு இருந்திருந்தால் நைஸுக்கு இன்னொரு அர்த்தம் எழுதிக்கொண்டு போயிருப்பாள்.

அக்கா மாவுத் தூசியைத் தட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்: "ஒரு சொம்புத் தண்ணி குடு கண்ணு, நோன்ப இங்கயே தொறந்துக்கறேன். அப்பறம் மொளகாய ஓட்டு."