சத்தம் போடக் கற்றுக்கொடுத்தவள்

வெதூரியா ஹ்ரிஸ்கு எங்கள் இல்லத்துக்கு வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் கூட்டுப்பண்ணையில் கன்றுத் தொழுவம் பார்த்தவள். புருஷன் மரம் வெட்டும் இடத்தில் செத்துப்போனான். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் அண்டியிருக்கப் பிடிக்காமல் டவுனுக்கு வந்தாள். எண்பத்தாறு செப்டம்பரில் எங்கள் சிசு இல்லத்தில் ஆயா வேலை கிடைத்தது.

நான் அங்கே துணி வெளுப்பவள். பெயர் சஃப்தா. அவள் முதல் நாள் மாடியில் பெரிய அறை வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்பத்திரண்டு கட்டில், பெற்றவர்கள் விட்டுப்போன நாற்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள். பட்டப்பகல். ஒரு முனகல் இல்லை.

"இங்க யாரு செத்துப்போனா?" என்றாள்.

"யாரும் சாகல. நல்ல பிள்ளைங்க. அழாதுங்க" என்றேன். சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

"எல்லாப் பிள்ளையும் அழும் சஃப்தா. யாரும் வரலைன்னு தெரிஞ்சாத்தான் விட்டுடும். தாயைப் பிரிச்ச கன்னுக்குட்டி மூணு நாள் கத்தும். நாலாம் நாள் கத்தாது. பசி தீர்ந்ததாலயா நிறுத்துது? கத்தி ஒண்ணும் நடக்கலைன்னு அதுக்கு விளங்கிடும்."

நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு இரண்டு ஆயாக்கள். பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். அதுதான் முறை. அந்த முறையை எழுதியவன் ஒரு பிள்ளையைக்கூட மடியில் வைத்திருக்க மாட்டான்.

அவள் வந்த இரண்டாம் வாரம் என்னிடம் சண்டைக்கு வந்தாள். பால் பாட்டில் வரும் தள்ளுவண்டியும் நான் அழுக்குத்துணி ஏற்றும் தள்ளுவண்டியும் ஒரே மாதிரி. இரண்டின் சக்கரமும் ஒரே மாதிரி கிறீச்சிடும். தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளின் வாய் திறக்கும், உதடு சப்பும், எச்சில் முகவாயில் வழியும். நான் நாலு வருஷமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"ஏய் சஃப்தா, ஒரு நாளைக்கு நாலு தடவ இதுங்கள ஏமாத்துறியே, உனக்கு உறைக்கலையா?"

"நான் என்ன பண்ணேன்? துணி எடுக்க வரேன்."

"சத்தம் கேட்டா பால் வரும்னு படிச்சு வெச்சிருக்குதுங்க. நீ மூத்திரத் துணியோட வர்ற. சக்கரத்துக்கு எண்ணெய் போடுடி!"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எண்ணெய் போட்டேன்.

அடுத்தது வெள்ளைக் கோட்டு. செவ்வாய்க்கிழமை நர்சு ஊசி போட வருவாள், வெள்ளைக் கோட்டோடு. ஆயாக்களுக்கும் வெள்ளைக் கோட்டுதான். அதனால் எந்த வெள்ளைத் துணியைக் கண்டாலும் பிள்ளைகளின் உடம்பு விறைத்துப்போகும். தூக்கினால் மரக்கட்டையைத் தூக்குவது போல் இருக்கும். வெதூரியா கோட்டைக் கழற்றிவிட்டுத் தன் பழுப்புக் கம்பளி மேல்சட்டையோடு வேலை பார்த்தாள். பத்து நாளில் அந்தச் சட்டையைக் கண்டால் பிள்ளைகளின் தோள் தளர்ந்தது. அவளுக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம், 'சீருடை அணியாமைக்கு.'

சன்னலோரம் பதினாலாம் கட்டிலில் சம்ஃபிரா என்று ஒரு பெண். வயது இரண்டு. கோப்பில் 'செவிடு, ஊமை' என்று எழுதியிருந்தார்கள். அவள் தற்செயலாக ஒரு சின்ன ஒலி எழுப்பினால் போதும், செருமினாலும் சரி, வெதூரியா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். நெஞ்சில் கையை வைத்து, "சம்ஃபிரா, வந்துட்டேன்" என்பாள். வேறொன்றும் கிடையாது. மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. நாலாவது வாரம் ஒரு காலை அந்தப் பிள்ளை "ங்" என்றது, வெதூரியாவைப் பார்த்துக்கொண்டே. அவள் போனாள். திரும்பினாள். மறுபடி "ங்". மறுபடி போனாள். அன்றைக்கு முப்பது தடவைக்கு மேல் போயிருப்பாள். கடைசியில் பிள்ளை சிரித்தது. வெதூரியா வெளுப்பறைக்கு இறங்கி வந்து, ஈரப் போர்வையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள்.

பக்கத்துக் கட்டில்கள் பார்த்துக் கற்றுக்கொண்டன. மார்ச் மாதத்துக்குள் சன்னலோரம் இருந்த பன்னிரண்டு கட்டிலும் கூப்பிட ஆரம்பித்துவிட்டன. அவள் ஒருத்தியால் அதற்குமேல் ஓட முடியவில்லை. சுவரோர வரிசை இன்னும் ஊமையாகவே கிடந்தது.

இல்லத்தின் தலைவர் டாக்டர் லியோன்டின் சவா ஏப்ரலில் ஒரு நாள் மாடிக்கு வந்தார்.

"என்ன தோழர் ஹ்ரிஸ்கு, இது இல்லமா, ரயில்வே ஸ்டேஷனா?"

"பிள்ளைங்க கூப்பிடுது, தோழர் டாக்டர்."

"நீங்கதான் பழக்கி வெச்சிருக்கீங்க. அழுதா தூக்குறீங்க. தூக்குறது பரிசு. பரிசு கிடைச்சா அந்தப் பழக்கம் வலுக்கும். இது விஞ்ஞானம். கவனிக்காம விட்டா தானா அடங்கிடும்."

"விஞ்ஞானம் எனக்குத் தெரியாது, தோழர் டாக்டர். கன்னுக்குட்டி தெரியும். நீங்க சொல்றது சரிதான், கவனிக்காம விட்டா அடங்கிடும். ஆனா கூப்பிட்டா ஆள் வரும்னு ஒரு பிள்ளை நம்புறது எப்படிக் கெட்ட பழக்கமாகும்?"

 மறுநாளே அவர் அவளைக் கீழே சமையலறைக்கு மாற்றினார், உருளைக்கிழங்கு உரிக்க.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை நான் காதால் கேட்டேன். பன்னிரண்டு பிள்ளைகளும் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குக் கத்தின. கம்பியைப் பிடித்து உலுக்கின. தொண்டை கட்டிப்போகும்வரை அலறின. "யாரும் பக்கத்துல போகக்கூடாது" என்று உத்தரவு. ஒன்பதாம் நாள் சத்தம் நின்றது. "பார்த்தீங்களா?" என்றார் டாக்டர் சவா மற்ற ஆயாக்களிடம். பார்த்தோம். அவரவர் வேலைக்குத் திரும்பினோம். நானும்தான்.

ஆனால் வெதூரியா விடவில்லை. மதியம் சூப்பு அண்டாவை மாடிக்குத் தூக்கி வரும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அண்டாவை வாசலில் வைப்பாள். உள்ளே போய் சன்னலோர வரிசையில் ஒவ்வொரு கட்டிலாகப் பெயரைச் சொல்லித் தொட்டுவிட்டு வருவாள். ஐந்து நிமிடம். நான் படிக்கட்டில் துணி மூட்டையோடு காவல் நிற்பேன். யாராவது வந்தால் இருமுவேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அக்டோபரில் பிள்ளைகளைச் சோதிக்கும் டாக்டர்கள் குழு வந்தது. மூன்று வயதாகும் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். தேறியவர்கள் பள்ளிக்கூடம் உள்ள விடுதிக்கு. தேறாதவர்கள் கோப்பில் 'திருத்த முடியாதது' என்று முத்திரை வாங்கி, மலைப்பக்கம் உள்ள வேறொரு இல்லத்துக்கு. அங்கே போனவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்த வருடம் பதினொரு பிள்ளைகள். வரிசையாகத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். குழுவின் டாக்டர் ஒருவர் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போட்டார். ஒரு தலையும் திரும்பவில்லை. "கேட்கல" என்று எழுதப் போனார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். வெதூரியா ஈரக் கையோடு, ஏப்ரனோடு மேலே வந்தாள்.

"சாவி சத்தம் கேட்டு இதுங்களுக்கு என்னிக்காவது ஏதாவது கிடைச்சிருக்கா? நாள் முழுக்கச் சாவி விழுது. எதுக்குத் திரும்பணும்?"

"இவங்கள வெளிய அனுப்புங்க" என்றார் டாக்டர் சவா.

அவள் பிள்ளைகளின் முதுகுப்பக்கம் போய் நின்று, மெதுவாக, வீட்டில் பேசுகிற குரலில், "சம்ஃபிரா" என்றாள்.

சம்ஃபிரா திரும்பினாள். "ங்" என்றாள். அடுத்த பெயர். அதுவும் திரும்பியது. நாலு பிள்ளைகள், சன்னலோர வரிசைப் பிள்ளைகள், ஒவ்வொன்றாகத் திரும்பின.

"இது வெறும் பழக்கம்! வித்தை காட்டுறாங்க!" என்று டாக்டர் சவா கத்தினார்.

"ஆமா, பழக்கம்தான்!" வெதூரியாவின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. "நான் பேசப் பழக்கினேன். நீங்க பேசாம இருக்கப் பழக்கினீங்க. பழக்கிட்டு, அதையே நோய்னு எழுதுறீங்க! எந்த ஊர் நியாயம் இது?"

குழுவில் வயதான பெண் டாக்டர் ஒருவர் இருந்தார்.  அவர் அந்த நாலு கோப்பிலும் பழையதை அடித்துவிட்டு 'தேறியது' என்று எழுதினார். "மத்த ஏழும்?" என்று கேட்டார். வெதூரியா ஏழு பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு தரம் கூப்பிட்டாள். ஒன்றும் திரும்பவில்லை.

"இதுங்ககிட்ட எனக்கு எட்டல" என்றாள். "இன்னும் ஒரு வருஷம் குடுங்க."

கொடுக்கவில்லை. அந்த வாரமே ஏழு பிள்ளைகளையும் ஏற்றிப்போக வேன் வந்தது. வெதூரியாவை, பணியிடத்தை விட்டு வந்ததற்காகவும் மேலதிகாரியை அவமதித்ததற்காகவும் வேலையை விட்டு நீக்கினார்கள். செங்கல் சூளையில் சேர்ந்தாள்.

கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த மறு வசந்தத்தில் நாங்கள் இருவரும் பஸ் ஏறி அந்த மலைப்பக்க இல்லத்துக்குப் போனோம். ஏழு பேரில் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். மற்ற நாலு பேர் எங்கே என்று கேட்டதற்கு, "குளிர்காலம் கடுமையா இருந்திச்சு" என்றான் காவல்காரன். அவ்வளவுதான் பதில். வெதூரியா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். நான்தான் விலக்கினேன். ஏன் விலக்கினேன் என்று தெரியவில்லை.

ஆறு வருடம், ஞாயிறு தவறாமல் அங்கே போனாள். இலாரியே என்ற பையன் நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். அவன் ஒரு ஒலி எழுப்பினால் போதும், இவள் பதில் சொல்வாள். எட்டாவது வயதில் "தண்ணி" என்றான். பிறகு இருபது முப்பது வார்த்தை வந்தது. மற்ற இருவருக்கும் வரவில்லை. காலம் கடந்துவிட்டது என்று இவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

சம்ஃபிரா இப்போது சுச்சாவா நகரத்தில் ரொட்டி ஆலையில் வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள். வெதூரியாவின் சாவுக்கு வந்து, வாசலில் நின்று வாய்விட்டுக் கதறினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சங்கடப்பட்டார்கள். நான் தடுக்கவில்லை.

டாக்டர் சவா பாராட்டுப் பத்திரத்தோடு ஓய்வு பெற்றார். பழைய கோப்புகள் இப்போது மாவட்ட ஆவணக் கிடங்கில் இருக்கின்றன. போன வருடம் விண்ணப்பம் போட்டுப் பார்த்தேன். ஏழு பெயர்களுக்கு நேராக 'பிறவிச் செவிடு, பிறவி ஊமை' என்று அப்படியே இருக்கிறது. திருத்தச் சொல்லி மூன்று மனு எழுதிவிட்டேன். 'சம்பந்தப்பட்டவர்கள் நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும்' என்று பதில் வந்திருக்கிறது.