முப்பத்திரண்டு டிகிரி

மணிக்கு ஒரு தடவை வெப்பத்தை அளந்து பலகையில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. பிழைக்க வந்த இந்தத் தீவு நாட்டில், மார்சிலிங் பக்கம் அடுக்குமாடி கட்டுகிற ஒரு தளத்தில் நான் சேஃப்டி சூப்பர்வைசர். நான் எழுதுகிற எண்ணை யாரும் மதிப்பதில்லை. ஒரு காலத்தில் நானே மதித்ததில்லை, அவர்களை எந்த மூஞ்சியோடு திட்டுவது?

கருவி சின்னதுதான். அதில் ஒரு கறுப்பு உருண்டை வெயிலை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் ஈரத் திரி சுற்றிய குழாய் ஒன்று. காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருந்தால் அந்தத் திரி லேசில் காயாது. திரி காயாத இடத்தில் மனிதனின் வேர்வையும் காயாது, உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கருவி ஓர் எண் சொல்லும். சாதாரண வெப்பமானி காட்டுகிற முப்பத்திரண்டு வேறு, இது வேறு. இது முப்பத்திரண்டைத் தொட்டால், கனமான வேலை செய்கிறவர்களை மணிக்குப் பத்து நிமிடமாவது நிழலில் உட்கார வைக்க வேண்டும். வகுப்பில் இதைப் படித்துப் பாஸும் பண்ணினேன். மண்டையில்தான் ஏறவில்லை. நான் வேலூர் பக்கத்து ஆள். எங்களுக்கு வெயில் என்றால் நாற்பதுக்கு மேல்.

என் சிநேகிதன் ஒருவன், அவனும் அந்தப் பக்கம்தான், பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். ஊரில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன், என்னை நம்பி இங்கே வந்தான். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குக் கூட்டிப்போய் சிம் கார்டு வாங்கிக் கொடுத்தேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். சட்டைக் காலரை இழுத்து இழுத்து முகர்ந்து பார்த்தான்.

"என்ன ஊருடா மச்சான் இது. முந்தாநேத்து துவைச்சது, இன்னும் காயல."

"சுத்திக் கடல், காத்தே ஈரம். இங்க துணியெல்லாம் அப்படித்தான்லா," என்று சொல்லிச் சிரித்தேன். கருவியின் ஈரத் திரி சொல்வதும் இதுதான்; அந்த விடையை என் வாயாலேயே சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம் இரண்டு மணிக்குக் கருவி முப்பத்திரண்டு காட்டியது. எல்லோரையும் உட்காரச் சொன்னேன். அவன் மட்டும் கம்பியை விடவில்லை.

"எவ்ளோ காட்டுது?"

"முப்பத்திரெண்டு."

"இதுக்குப் போயி உக்காரணுமா?"

அதட்டியிருக்க வேண்டும். நானோ அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

"நம்ம ஊருல முப்பத்திரெண்டுக்குப் போர்வை போத்திக்குவாங்க. முடிச்சிட்டு வா," என்றேன்.

மூன்று மணி வாக்கில் அவன் பேச்சு குழறியது. சட்டை தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது. நிழலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றினோம், விசிறினோம். ஆம்புலன்ஸும் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

அதற்குப் பிறகும் பலகையில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கடலும் இங்கேதான் இருக்கிறது, காற்றும் காயப்போவதில்லை. புதிதாக வருகிறவர்கள் எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கத்தி உட்கார வைக்கிறேன். அவனிடம் கத்தாத வாய் இப்போது கத்தி என்ன பிரயோசனம் என்று வெறுத்துப்போகிறது.

ஊரில் காரியம் முடிந்த அன்று அவன் மனைவி போன் செய்தாள். அழுது முடித்திருந்த குரல்.

"அண்ணே, அன்னிக்கு அங்க வெயில் எவ்ளோ?"

"முப்பத்திரெண்டும்மா."



"எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க. இங்க நாப்பத்திரெண்டுல நாள் பூரா கம்பி கட்டுன மனுஷன். மேலேர்ந்து விழுந்தாரா? ஏதாவது அடிபட்டுச்சா? உள்ளதச் சொல்லுங்க."

கடல், காற்று, ஈரத் திரி என்று ஆரம்பித்தேன். கம்பெனி எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல என் காதுக்கே இருந்தது.

"முப்பத்திரெண்டுக்கு யாருண்ணே சாவாங்க?" என்றாள்.

போர்வை என்று சிரித்து அவனை நிழலில் உட்காரவிடாமல் செய்ததைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். சொல்லவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் இன்றுவரை அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மறைக்கத்தான் செய்கிறேன்.